மழையில் ஒரு தெளிப்பான்

போத்தி துறைமுகத்தில் மழைக்கு விடுமுறை கிடையாது.
நான்காம் கிடங்கு வாசலில்
கொள்கலனின் கதவைத் திறந்து வைத்துவிட்டுப்
பட்டியலும் பென்சிலுமாக நிற்கிறேன்.

சேறு தடுக்கும் ரப்பர் மடல், நாற்பது ஜோடி:
லாரியில் தொங்கினாலும் அது ரப்பரின் பிள்ளை.
பின்னால் பார்க்கும் கண்ணாடி:
கண்ணாடி வீட்டுக்கே திரும்பும்.
கூரைமேல் சாமான் கட்டும் சட்டம் மட்டும்
பிறந்த வீட்டை மறந்து
வண்டியோடு போய்விட்ட மருமகள்.
எண்பத்தேழு பூஜ்யம் எட்டு. எழுதியாயிற்று.

பிறகு இது.

நானூறு லிட்டர் தொட்டி, மஞ்சள்.
ஒரு பம்பு, எட்டு மூக்குகள்,
பிக்கப் வண்டியின் முதுகில் முடுக்க நான்கு கால்கள்.
முகவர் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்:
'வண்டித் துணைப்பொருள்.'
ஒரே பெட்டியில் வந்தவை உறவுக்காரர்கள் என்று
அவருக்கு யார் சொன்னது?

அந்த வரிக்கு வரி அதிகம்.
'கட்டுகிறேன் என்பவரைத் தடுப்பானேன்?'
அடுத்த மேசையில் ஜோன்தோ, சூரியகாந்தி விதை உடைத்தபடி.
'அரசாங்கத்துக்கு நீ என்ன சக்களத்தியா?'

இறக்குமதி செய்தவர் தெங்கிஸ் சரந்தியா.
சுக்தீதிக்கு அப்பால் ஏழு ஏக்கர் ஹேசல் தோப்பு.
சட்டைப்பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக்
கதவிடுக்கில் வைத்து உடைத்தார்.
உள்ளே பருப்பு கறுத்துச் சுருங்கி,
கடித்தால் கசக்குமாம்.
'நாற்றப்பூச்சி. ஊசி போட்டுவிட்டுப் போகும்.
வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.
உங்கள் முகவர் மாதிரி.'
அவர்தான் சிரித்தார். நான் விதிநூலைப் புரட்டினேன்.

பதினேழாம் பிரிவு, இரண்டாம் குறிப்பு.
எத்தனை முறை படித்தாலும்
முதல்முறை கேட்ட தீர்ப்பு போல இருக்கும்:
எதன்மேல் ஏறி உட்கார்ந்தாய் என்பதல்ல கேள்வி.
எந்திரம் எந்திரம்தான்.
எந்த முதுகில் முடுக்கினாலும்
தெளிப்பது தெளிப்பானே.

ஆனால் தெளிக்குமா?
காகிதத்தில் தெளிவாக இருப்பது
முற்றத்தில் தெளிய வேண்டுமே.
'ஓட்டிக் காட்டுங்கள்' என்றேன்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றினார்கள்.
பாட்டரி இல்லை. சுமைதூக்கியின் பாட்டரியைக் கழற்றினார்கள்.
அதன் ஓட்டுநர் மமூக்கா எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்.
பம்பு இருமியது, பிறகு பாடியது.
எட்டு மூக்குகளிலிருந்தும் புகைபோல நீர் எழுந்து
மழைக்குள் போயிற்று.

கொட்டுகிற மழையில், இரண்டு அதிகாரிகள்,
ஒரு விவசாயி, சபித்துக்கொண்டே ஒரு ஓட்டுநர்
அண்ணாந்து நிற்கிறோம்:
எது வானத்தின் நீர், எது வரிக்குட்பட்ட நீர்?
என் கன்னத்தில் பட்டது பக்கவாட்டில் வந்தது.
அதை வைத்துத்தான் எழுதினேன்:
'தெளிக்கிறது. நேரில் நனைந்து பார்த்தேன்.'
எண்பத்து நான்கு இருபத்து நான்கு.

ஜோன்தோ கடைசி வார்த்தைகளை அடித்தான்.
'சோதித்துப் பார்க்கப்பட்டது' என்று மாற்றினான்.

சரந்தியா நன்றி சொல்லவில்லை.
மழையால் மூன்று நாள் தோப்புக்குள் போக முடியாது,
பூச்சிக்கு அந்த மூன்று நாள் போதும் என்றார்.
பாட்டரியை மமூக்காவிடம் கொடுத்துவிட்டு
ஈரக் காகிதத்தை நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு போனார்.

இலையுதிர் காலத்தில் தணிக்கைக்கு
திபிலீசியிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
கோப்பைத் தலைகீழாக உதறினாள்.
மேசைமேல் உருண்டது
பிளந்த ஓடு ஒன்று, கறுத்த பருப்போடு.

'இது பட்டியலில் இல்லையே' என்றாள்.
இல்லைதான் என்றேன்.